பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர்? சிறுநகரச் சங்கம் நடத்தும் இலவசக் கண் முகாம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலை முதல் தேதி வந்துவிட்டால் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் திருமண மண்டபங்களில் அரிமா (லயன்ஸ்) சங்கங்களுக்கும் ரோட்டரி சங்கங்களுக்கும் புதுத் தலைவர்கள் பதவியேற்கத் தொடங்குவார்கள். தையல் இயந்திரம், சக்கர நாற்காலி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று சில உதவிகள் மேடையிலேயே வழங்கப்படும். அடுத்த ஜூன் 30க்குள் செய்து முடிப்பதாக ஒரு பட்டியலும் வாசிக்கப்படும். அந்தப் பட்டியலில் இலவசக் கண் சிகிச்சை முகாம் இடம்பெறாத சங்கம் அபூர்வம்.

சங்கங்கள் செய்யும் பணிகளில் அதிகம் நடப்பதும் மேலோட்டமாக நடத்தப்படுவதும் இந்த முகாம்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் தென்மாவட்டச் சங்கங்களும் சேர்ந்து பல ஆண்டுகளில் ஒழுங்குபடுத்திய முறையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். வேறு மருத்துவமனைகளோடு சேர்ந்து நடத்தும் சங்கங்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். மறுநாள் நாளிதழில் "முகாமில் 300 பேர் பயன்பெற்றனர்" என்று செய்தி வரும். அந்த 300 சங்கத்தின் வேலையை அளப்பதில்லை. கண்புரைக்கு, அதாவது கண்ணின் லென்ஸ் மங்கிப்போவதற்கு, அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் எழுதியவர்களில் எத்தனை பேர் அன்றே மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார்கள், ஏறியவர்களில் எத்தனை பேர் ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள் என்ற இரண்டு எண்கள்தான் அளப்பவை. கண்ணைப் பார்ப்பது மருத்துவமனையின் வேலை. ஆளைக் கொண்டுவந்து, அனுப்பி, திரும்பக் கொண்டுவருவது சங்கத்தின் வேலை.

முறை உருவான விதம்

கண் பணிக்கும் அரிமா சங்கங்களுக்குமான தொடர்பு 1925இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அந்த ஆண்டு நடந்த சர்வதேச மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காக நிற்கும்படி அரிமாக்களைக் கேட்டுக்கொண்டார். ரோட்டரிக்குப் பெயர் வாங்கித் தந்தது போலியோ ஒழிப்பு என்றாலும், தமிழ்நாட்டில் கண் முகாம் நடத்தாத ரோட்டரி சங்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு மருத்துவராக இருந்த காலத்திலேயே மதுரையைச் சுற்றிய ஊர்களில் முகாம்கள் நடத்தினார். 58 வயதில் பணி ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அந்தக் கால முகாம்களில் அறுவை சிகிச்சையும் அந்த ஊரிலேயே நடக்கும். பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ ஒரு அறையைக் கழுவி, வெள்ளையடித்து, அறுவை அரங்காக மாற்றிவிடுவார்கள். நோயாளிகள் தரையில் பாய் விரித்து ஒரு வாரம் தங்குவார்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைக்காத காலம் என்பதால் வீட்டுக்குப் போகும்போது சோடாபுட்டிக் கண்ணாடியோடு போவார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்ததும் இது மாறியது. லென்ஸ் வைக்க நுண்ணோக்கி வேண்டும். காற்றும் நீரும் கருவிகளும் கிருமியற்று இருக்க வேண்டும். பள்ளி வகுப்பறையில் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற ஆலையைத் தொடங்கி அதை உள்ளூரிலேயே தயாரித்தார்கள். முகாமில் வெறும் பரிசோதனை, அறுவை சிகிச்சை மருத்துவமனையில் மட்டும் என்ற முறை நிலைபெற்றது. யாராவது இன்றைக்கும் ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டு அறுவை சிகிச்சை செய்து தருகிறேன் என்று வந்தால், சங்கம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் முகாம் மூலம் கண்டறியப்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்களில் 60க்கும் மேற்பட்டோர் கிருமித் தொற்றால் பார்வை இழந்தார்கள். சங்கத்துக்கு அறுவை அரங்கத்தின் சுத்தத்தைச் சோதிக்கத் தெரியாது. ஆனால் சில கேள்விகள் கேட்கலாம். முகாம் நோயாளிகளுக்கும் கட்டண நோயாளிகளுக்கும் ஒரே அரங்கமா? மறுநாள் கட்டுப் பிரித்தபின் மருத்துவர் பார்த்துத்தான் அனுப்புவாரா? வீட்டுக்குப் போனபின் கண் சிவந்து வலித்தால் இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண் எது? தொற்று வந்தால் திரும்ப அழைத்துப்போகும் செலவு யாருடையது? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத மருத்துவமனையோடு கூட்டுச் சேர வேண்டாம். நம்பி வந்த கிழவிக்கு மருத்துவமனையின் பெயர் தெரியாது. சங்கத் தலைவரின் கடை எங்கே என்றுதான் தெரியும்.

தேதியும் இடமும்

ஞாயிறுதான் வழக்கம். பள்ளி காலியாக இருக்கும், அழைத்துவர வீட்டில் ஆள் இருப்பார்கள். ஆனால் முகூர்த்த ஞாயிறு என்றால் பாதிக் கூட்டம் போய்விடும். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு யாரும் ஊரை விட்டு வெளியே தங்கமாட்டார்கள் என்பதால், சுற்றுக் கிராமங்களின் திருவிழாத் தேதிகளையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நடவு, அறுப்பு நாட்களில் வயதானவர்கள் சும்மா இருந்தாலும் அவர்களைக் கூட்டிவரும் மகனும் மருமகளும் சும்மா இருப்பதில்லை. கத்திரி வெயிலில் கண் ஆபரேஷன் செய்தால் புண் ஆறாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இன்றைய சிறுதுளை அறுவைக்கு அதில் பொருளில்லை. இருந்தாலும் மே மாதத்தில் அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டுவதைவிட ஆகஸ்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இடத்துக்குப் பள்ளிக்கூடம் பொருத்தம். 300 பேரை எதிர்பார்த்தால் தரைத்தளத்தில் ஏழெட்டு அறைகள் வேண்டும். மாடி அறை உதவாது, வருபவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. பார்வை அளக்கும் அறையில் அட்டைக்கும் நாற்காலிக்கும் இடையே 6 மீட்டர் நேர்தூரம் கிடைக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை என்று மரியாதைக்கு ஒதுக்கித் தரும் சின்ன அறையில் அது கிடைக்காது. மருத்துவர் கண்ணைப் பார்க்கும் இரண்டு அறைகளின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியாலோ தடித்த அட்டையாலோ மறைத்து இருட்டாக்க வேண்டும். இதை முந்தைய நாள் மாலையே செய்யாவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் வீண். மின்சாரம் போனால் பரிசோதனை நின்றுவிடும் என்பதால் சிறிய ஜெனரேட்டர் ஒன்று டீசலோடு தயாராக இருக்கட்டும். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் 15, மேசை 20, பெஞ்சு 40 என்பது 300 பேருக்குப் போதுமான கணக்கு. கழிப்பறைப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சனிக்கிழமையே கேட்டு வாங்கிவிடுங்கள். எல்லா ஊரிலும் ஞாயிறு காலை அந்தச் சாவிதான் காணாமல் போகிறது.

தேதி முடிவானதும் மருத்துவமனையின் முகாம் அமைப்பாளர் ஒருவர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் என்ற அரசு அமைப்புக்கு மருத்துவமனை வழியாக முன்கூட்டியே தகவல் போக வேண்டும். அரசுத் திட்டத்தில் இலவச அறுவைக்கான மானியம் மருத்துவமனைக்குக் கிடைப்பது அதன் பேரில்தான். அந்தப் பணத்தில் சங்கத்துக்குப் பங்கில்லை, கேட்கவும் கூடாது. தலைக்கு இவ்வளவு என்று பேசி ஆள் திரட்டித் தரும் தரகு வேலை சில இடங்களில் நடப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

யாருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்

தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் கோளாறு இருந்தவர்களில் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று கண்டது. வராதவர்கள் சொன்ன காரணங்களும் அதில் பதிவாயின: பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயசானால் இப்படித்தான் என்ற நினைப்பு, இருக்கிற பார்வையே போதும் என்ற சமாதானம். அரவிந்த் 2004 முதல் கிராமப்புறங்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்க இந்த இடைவெளியும் ஒரு காரணம். முகாம் நடத்தும் சங்கம் இந்த 7 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முறையே மாறிவிடும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? பேருந்து நிலையத்தில் ஃபிளக்ஸ் வைக்கிறார்கள். அதில் பதினைந்து உறுப்பினர்களின் படமும், மூலையில் தேதியும் இருக்கும். கண்புரை உள்ளவர் அதைப் படிக்க முடியாது. நகரத்தில் கண்ணாடிக்கு அலைபவர்கள் படித்துவிட்டு வருவார்கள். கூட்டம் சேரும், புரை சேராது.

சங்கம் இருக்கும் ஊரிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்குள் 25 கிராமங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஐயாயிரம் நோட்டீஸ் அடித்தால் ஊருக்கு 200. அதைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் தேநீர்க் கடையில் வடை மடிக்கப் போய்விடும். கை மாற்றிக் கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் காலை வருகைப் பதிவின்போது பத்து நிமிடம் பேசினால் அந்த ஊரின் முக்கால்வாசி வீடுகளுக்குச் செய்தி போய்விடும். ரேஷன் கடையில் பொருள் போடும் நாள், வாரச் சந்தை, பால் சொசைட்டி, மகளிர் குழுக் கூட்டம் ஆகியவை அடுத்து வரும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண்களுக்கு எந்த வீட்டில் யார் தடவித் தடவி நடக்கிறார்கள் என்பது தெரியும். அவர்களிடம் சொல்லாமல் முகாம் வைப்பது ஊருக்குள் வழி தெரியாமல் போவதற்குச் சமம்.

எல்லாவற்றையும்விட வலுவான விளம்பரம், போன வருடம் இதே முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது அரிசியில் கல் பொறுக்கும் ஒரு பாட்டி. தென்னிந்தியக் கிராமங்களில் பல வழிகளை ஒப்பிட்டு 1991இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசுவதும், பயணம், சாப்பாடு உள்ளிட்ட முழுச் செலவையும் ஏற்பதும் நல்ல பலன் தந்தன. அறுவை இலவசம் என்றாலே போதும் என்ற எண்ணம் தவறு என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஊருக்கு ஒருவரை இப்படிப் பிடித்துவைத்து, அவரை ஆட்டோவில் உட்கார வைத்து வெள்ளி, சனி இரண்டு நாளும் மைக்கில் பேசவிட்டால், பதிவு செய்யப்பட்ட குரலைவிட நன்றாக வேலை செய்யும்.

நோட்டீஸில் சங்க நிர்வாகிகளின் பெயர்கள் எவ்வளவு குறைந்தாலும் நல்லது. இருக்க வேண்டியவை இவை. எந்த நகரப் பேருந்து, எந்த நிறுத்தம். காலை 8 முதல் 1 மணி வரை. சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுவிட்டு வரவும். ஆதார் நகல், வீட்டார் கைபேசி எண், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, மாற்றுத் துணி ஒரு ஜோடி கொண்டுவரவும். ஆபரேஷன் தேவைப்பட்டால் அன்றே அழைத்துச் சென்று, மூன்றாம் நாள் இதே இடத்தில் இறக்கிவிடப்படும். இந்தக் கடைசி வரியும் மாற்றுத் துணியும் விடுபட்டால், "வீட்டுல சொல்லிட்டு வரலை, அடுத்த தடவை வர்றேன்" என்று திரும்பிப் போகிறவர்கள் கூடிவிடுவார்கள். அந்த அடுத்த தடவை பெரும்பாலும் வருவதில்லை. வெறும் வயிற்றில் வரச் சொல்லவே கூடாது. மாத்திரையும் போடாமல் பட்டினியாக வந்து பத்து மணி வெயிலில் நிற்கும் சர்க்கரை நோயாளி மயங்கி விழுவார். இந்த ஆபரேஷனில் கண் மட்டும் மரத்துப்போக மருந்து கொடுப்பார்கள், அதற்குப் பட்டினி தேவையில்லை.

முகாம் நாள்

பதிவு மேசையில் பெயர், வயது, ஊர், கைபேசி எண் எழுதிச் சீட்டுத் தருவது சங்கத்து ஆட்களின் வேலை. நாலு மேசை, மேசைக்கு இருவர், கையெழுத்து நன்றாக உள்ள கல்லூரி மாணவர்கள். கைபேசி எண்ணை அங்கேயே ஒருமுறை அழைத்துப் பார்ப்பது நல்லது. மறுபரிசோதனைக்குக் கூப்பிடும்போது தவறான எண்ணால் தொலைந்துபோகிறவர்களே அதிகம்.

அடுத்து பார்வை அளவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விரலால் திசை காட்டும் அட்டை. பிறகு மருத்துவரின் முதல் பரிசோதனை, கண் அழுத்தம் பார்ப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரை. புரை இருக்கலாம் என்று தோன்றினால் கண்ணீர்ப் பாதை சோதனை. கண்ணோர ஓட்டையில் மழுங்கிய ஊசியால் உப்புநீரைச் செலுத்தி, "தொண்டையில கரிக்குதாம்மா?" என்று கேட்பார்கள். கரித்தால் பாதை திறந்திருக்கிறது. கரிக்காமல் நீர் வெளியே வழிந்தால், அல்லது சீழ் வந்தால், அந்தக் கண்ணில் இப்போது கத்தி வைக்க முடியாது. அங்கே தேங்கிய கிருமி அறுவை செய்த கண்ணுக்குள் போய்விடும். ஊசியைப் பார்த்ததும் "ஆபரேஷன் இங்கேயே பண்றாங்க" என்று வரிசையில் பின்னால் இருப்பவர்கள் எழுந்து ஓடியதும் உண்டு. அதனால் இந்த மேசையைத் தடுப்புக்குப் பின்னால் வைப்பார்கள். தன்னார்வலர் ஒருவர் வரிசையில் நின்று, இது சோதனை மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டவர்களுக்கு அடுத்த சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அவர்கள் இருசக்கர வாகனம் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. வாசலில் இதைச் சொல்ல ஓர் ஆள் நிற்பதில்லை, நிறுத்த வேண்டும்.

சிறப்பு விருந்தினர் விஷயமும் உண்டு. எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வருவார். குத்துவிளக்கு ஏற்றும்வரை பதிவைத் தொடங்காமல் 200 முதியவர்களை மைதானத்தில் உட்கார வைத்திருப்பதை இன்னும் பார்க்க முடிகிறது. மருத்துவக் குழு காலை ஏழரைக்கே வந்து கருவிகளை வைத்துவிடுகிறது. இரண்டரை மணி நேரம் தாமதமானால் பஸ் மாலை ஐந்துக்குத்தான் கிளம்பும், இருட்டியபின் போக மனமில்லாமல் பத்துப் பேர் இறங்கிவிடுவார்கள். விழாவை மதியம் பஸ்ஸை வழியனுப்பும்போது வைத்துக்கொண்டால் படமும் கிடைக்கும், வேலையும் கெடாது.

ஆலோசனை மேசையும் பஸ் படியும்

வரும் 300 பேரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கோ ஆறில் ஒருவருக்கோ அறுவை தேவைப்படும் என்று உத்தேசமாகக் கணக்கு வைத்து, 50 இருக்கைப் பஸ் ஒன்றும் உபரியாக ஒரு வேனும் பேசிவைப்பது வழக்கம். கூட்டம் பெரும்பாலும் இளவயதினராக இருந்தால் இந்தக் கணக்கு பாதியாகக் குறையும். அப்படிக் குறைந்தால் விளம்பரம் எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ளலாம்.

மருத்துவர் "ஆபரேஷன்" என்று எழுதுவதற்கும் பஸ் படியில் கால் வைப்பதற்கும் இடையில் ஒரு மேசை இருக்கிறது. அங்கே உட்காரும் ஆலோசகர்தான் அன்றைய முகாமின் முக்கியமான ஆள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"எனக்கு இனிமே என்னத்துக்குய்யா? இன்னும் எத்தனை காலம்... இருக்கிற வெளிச்சம் போதும்."

"ஆத்தா, பேத்தியைத் தூக்கிட்டு இருட்டுல வாசப்படி இறங்குறீங்கல்ல. விழுந்தா ரெண்டு பேருக்கும்ல அடி. மருமகள்கிட்ட நான் போன்ல பேசட்டுமா?"

அந்த ஒரு தொலைபேசி அழைப்பு பல பேரைப் பஸ் ஏற்றிவிடுகிறது. மறுக்கிறவர்களில் பாதிப் பேர் கத்திக்குப் பயந்து மறுப்பதில்லை. ஆட்டுக்குட்டியை யார் அவிழ்த்துக் கட்டுவது, வீட்டுச் சாவி தன்னிடம் இருக்கிறது, மகன் திட்டுவான் என்பவைதான் காரணங்கள். உள்ளூர் உறுப்பினர் ஒருவர் மோட்டார் பைக்கில் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, மாற்றுத் துணியை வாங்கி வந்தால் தீர்ந்துபோகிற விஷயங்கள் இவை. மருத்துவமனையால் இதைச் செய்ய முடியாது. சங்கத்துக்கு இரண்டு பைக்கும் பெட்ரோலும் போதும்.

"முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு மட்டும் பதில் கறாராக இருக்க வேண்டும். புரை முற்றினால்தான் எடுக்க முடியும் என்பது பழைய அறுவைமுறைக் காலத்துப் பேச்சு. முற்றி வெடிக்கிற நிலைக்குப் போனால் கண் அழுத்தம் ஏறி, தாங்கமுடியாத வலி வந்து, அறுவை செய்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

தள்ளிவைக்கப்படுகிறவர்களும் இருப்பார்கள். சர்க்கரை 200க்கு மேல் போனாலோ ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ பல மருத்துவமனைகள் அறுவையை ஒத்திப்போடும். இவர்களைச் சும்மா திருப்பி அனுப்பினால் அடுத்த முகாமிலும் இதே சர்க்கரையோடு வருவார்கள். பெயரையும் எண்ணையும் தனி ஏட்டில் எழுதி, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து ஓர் உறுப்பினர் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கண் அழுத்த நோயோ சர்க்கரையால் விழித்திரைக் கோளாறோ கண்டவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குத் தருவதற்கு முகாமில் எதுவுமில்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்க மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க, நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். முகாம்களின் பெரிய ஓட்டை இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

பஸ் கிளம்புமுன் பட்டியல் மூன்று பிரதி வேண்டும்: ஒன்று மருத்துவமனைக்கு, ஒன்று கூடப் போகும் உறுப்பினருக்கு, ஒன்று ஊரில் இருக்கும் செயலாளருக்கு. பெயரோடு எந்தக் கண் என்பதும் வீட்டு எண்ணும் இருக்கும். கையில் பெயர்ப்பட்டை கட்டிவிடுவார்கள். ஒரே ஊரில் நாலு மாரியம்மாள், மூன்று கருப்பையா ஏறும் பஸ்ஸில் தகப்பன் பெயரோ கணவர் பெயரோ இல்லாத பட்டியல் உதவாது.

மூன்று நாளும் ஒரு மாதமும்

முதல் நாள் மாலை மருத்துவமனையில் சோதனைகள், லென்ஸ் அளவு எடுப்பது. இரண்டாம் நாள் அறுவை. மூன்றாம் நாள் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சொட்டு மருந்தோடு புறப்பாடு. பஸ் முகாம் நடந்த பள்ளி வாசலுக்கே வர வேண்டும், வருகிற நேரத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்கு, ஒரு கண்ணில் புதுப் பார்வையோடு நிற்கும் முதியவரை அழைத்துப்போக ஆளில்லை என்றால், அந்த ஊரிலிருந்து அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள்.

சொட்டு மருந்து பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல், வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே போடுவது. இந்தக் குறைக்கிற கணக்கில்தான் தடுமாற்றம். காலை, மதியம் என்று எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்ட அட்டை உதவும். மருந்துப் புட்டியின் மூக்கு இமையில் படக் கூடாது, போடுமுன் கை கழுவ வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது என்பவற்றை நோயாளியிடம் சொல்வதைவிட மருந்து போடப்போகிற பேரனிடமோ மருமகளிடமோ சொல்வதுதான் பயன்படும். பார்வை திடீரென மங்கினாலோ, வலியும் சிவப்பும் கூடினாலோ அன்றைக்கே போன் செய்ய வேண்டும். கண்ணுக்குள் தொற்று என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சங்கத்துக் கார் ஒன்று இதற்கென்று ஒரு மாதம் ஒதுக்கப்பட்டிருந்தால், அதுவே அந்த ஆண்டின் நல்ல நன்கொடை.

ஒரு மாதம் கழித்து அதே பள்ளியில் மறுபரிசோதனை. கூட்டமில்லை, விருந்தினரில்லை, ஃபிளக்ஸும் இல்லை. அதனாலேயே பல சங்கங்கள் இதை விட்டுவிடுகின்றன. ஆனால் இங்கேதான் எஞ்சிய பார்வைக் குறையை அளந்து கண்ணாடி தருவார்கள், இரண்டாவது கண்ணுக்குத் தேதி சொல்வார்கள், அடுத்த ஊர்களுக்குப் போய்ப் பேச ஆள் கிடைப்பார்கள். கண்ணாடியை அன்றே கையில் கொடுப்பது முக்கியம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் பஸ் கட்டணத்துக்குப் பயந்து பலர் வருவதில்லை, சங்க அலுவலகத்து அலமாரியில் பெயர் எழுதிய கண்ணாடிப் பெட்டிகள் தூசி படிந்து கிடக்கும்.

பணம்

மருத்துவர், மருந்து, லென்ஸ், அறுவை, தங்குமிடம் ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், முகாம் நாள் சாப்பாடு சங்கத்தின் பொறுப்பு. பஸ் வாடகை யாருடையது என்பது உடன்பாட்டைப் பொறுத்தது. அதை வாய்ப்பேச்சாக விடாமல் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். உள்ளூர் வணிகர்களிடம் நன்கொடை வாங்கும்போது வரிவிலக்கு கேட்பார்கள். சங்கம் வெறும் பதிவுபெற்ற சங்கமாக மட்டும் இருந்தால் அந்த விலக்குக்கான சான்று தர முடியாது. அதற்கென்று வருமான வரித்துறையின் அனுமதி பெற்ற அறக்கட்டளையோ அமைப்போ வேண்டும். அனுமதி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு அந்த விலக்கு கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்க வேண்டும்.

ரோட்டரி அறக்கட்டளையின் குளோபல் கிராண்ட் என்ற மானியத்தை வாங்கி முகாம் நடத்தலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச மதிப்பே 30,000 டாலர். இன்னொரு நாட்டுச் சங்கம் கூட்டாளியாக வேண்டும், ஊரின் தேவை பற்றிய ஆய்வறிக்கை வேண்டும், பணம் தீர்ந்தபின்னும் வேலை தொடரும் என்று காட்டவும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு இது ஒத்துவராது. பார்வை மையத்துக்குக் கருவிகள், பரிசோதனை வாகனம் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும்.

முகாமோடு சேர்ந்து வரும் இரண்டு பணிகள்

பள்ளிப் பிள்ளைகளின் பார்வைச் சோதனையை ஆசிரியர்களைக் கொண்டே முதல் சுற்று முடித்துவிடலாம். அரை நாள் பயிற்சியும் ஒரு அட்டையும் 6 மீட்டர் கயிறும் போதும். சிக்கல் கண்ணாடி கொடுத்த பிறகு வருகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி தடித்த பழுப்புச் சட்டம் வாங்கிக் கொடுத்தால் "இலவசக் கண்ணாடி" என்று கேலி செய்வார்கள், பிள்ளை அதைப் பைக்குள் போட்டுவிடும். நாலைந்து நிறங்களில் வைத்து அவர்களே எடுத்துக்கொள்ளவிட்டு, மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் வகுப்புக்குப் போய் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண் தானம் சங்கங்கள் நிஜமாகவே நன்றாகச் செய்யும் வேலை, ஏனென்றால் துக்க வீட்டுக்குள் போய்க் கேட்கக்கூடியவர் அந்த ஊர்க்காரராகத்தான் இருக்க முடியும். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தகவல் வந்ததும் வீட்டாரிடம் சொல்ல வேண்டியவை: இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்கவும், மின்விசிறியை நிறுத்தவும், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்தவும், இறப்புச் சான்றுக்கு மருத்துவரிடம் சொல்லிவைக்கவும். கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, புரை அறுவை செய்தவர் எல்லாரும் தரலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமித் தொற்று, ரத்தப் புற்றுநோயால் இறந்தவர்களின் கண்கள் ஏற்கப்படுவதில்லை. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், முகம் விகாரப்படாது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வீட்டார் சம்மதம் இல்லாமல் நடக்காது. ஆயிரம் படிவம் நிரப்பியதாகப் பெருமைப்படுவதைவிட, இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கும் மூன்று உறுப்பினர்களை வைத்திருப்பது மேல்.

ஜூன் மாதத்தில்

புதுத் தலைவர் தன் பெயரில் புதுத் திட்டம் வேண்டும் என்று கண் முகாமை வேறு ஊருக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. முதல் கண் செய்துகொண்டவர்கள் இரண்டாவது கண்ணுக்கு எங்கே போவதென்று தெரியாமல் நிற்பார்கள். அதனால் தேதியும் இடமும் மூன்று ஆண்டுக்குச் சங்கத் தீர்மானமாகவே எழுதப்பட வேண்டும். தலைவர் தேர்வு செய்வது விருந்தினரை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கைமாற்றும் கோப்பில் மருத்துவமனையின் உடன்பாட்டுக் கடிதம், ஊர்வாரியாகப் பேசத்தக்கவர்களின் எண்கள், பஸ் ஏறியவர்கள், மறுத்தவர்கள், தள்ளிவைக்கப்பட்டவர்கள் என்று மூன்று பட்டியல், மறுபரிசோதனைக்கு வராதவர்களின் பெயர்கள், செலவுச் சீட்டுகள் இருக்க வேண்டும். நோட்டீஸில் அச்சிடும் கைபேசி எண் தலைவருடையதாக இல்லாமல் சங்கத்தின் பெயரிலேயே வாங்கிய சிம்மாக இருந்தால், ஜூலை 2ஆம் தேதி கண் வலியோடு கூப்பிடுகிறவருக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்வார்.